ஈறுக்கும் ஒரு படிப்பு இருக்கிறது



இரண்டு கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் எழுதுகிறோம். முதல் கேள்வி பல குழுக்களிலிருந்து வந்தது. "பல் தேய்த்தால் ரத்தம் வருது, ஆஸ்பத்திரியில கிளீன் பண்ணச் சொல்றாங்க. கிளீன் பண்ணினா பல்லு ஆடிப்போயிடும்னு ஊர்ல சொல்றாங்களே, பண்ணலாமா?" இரண்டாவது, உள்கடன் விண்ணப்பத்தோடு வந்த கேள்வி. "பிளஸ் டூ முடிச்ச பொண்ணு பல் சம்பந்தமா ஏதோ ரெண்டு வருஷப் படிப்பு படிக்கணும்கிறா. டாக்டர் படிப்பு இல்லையாம். அப்படி ஒரு படிப்பு உண்டா? கடன் வாங்கிச் சேர்க்கலாமா?"

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். முதல் கேள்வியில் வருகிற வேலையைத்தான் இரண்டாவது கேள்வியில் வருகிற பெண் படிக்கப் போகிறாள்.

முதலில் ஈறு

வயலில் பந்தல் கால் நட்டிருக்கிறோம். மழையில் காலைச் சுற்றியுள்ள மண் அரித்துப் போகிறது. கால் உளுக்கவில்லை, உடையவில்லை. ஆனாலும் ஒரு நாள் பந்தல் சாய்கிறது. பல்லும் இப்படித்தான். சொத்தை என்பது கால் உளுப்பது. ஈறு நோய் என்பது மண் அரிப்பது. நாற்பது, நாற்பத்தைந்து வயதில் கரும்பு கடிக்க முடியாமல், வறுத்த மல்லாட்டையை மெல்ல முடியாமல் ஆனவர்களைக் கேட்டுப் பாருங்கள். "பல்லு சொத்தையே இல்லீங்க, நல்ல பல்லு, தானா ஆடி விழுந்திடுச்சு" என்பார்கள். தானாக எதுவும் விழுவதில்லை.

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் தினமும் ஒரு வழவழப்பான பாசி படியும். அது முழுக்க முழுக்கக் கிருமிகள். தேய்த்தால் போய்விடும். தேய்க்காமல் விட்டால் சில நாட்களில் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கிக் கல் மாதிரி இறுகிவிடும். இதைத்தான் காரை என்கிறோம். கண்ணாடியில் பார்த்தால் கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம் மஞ்சளாகத் தெரியும். அங்கே நாக்கின் அடியிலிருந்து எச்சில் சுரப்பதால் காரை சீக்கிரம் கட்டும். பிரஷ், வேப்பங்குச்சி எதற்கும் காரை அசையாது.

பாசியும் காரையும் ஓரத்தில் இருக்க இருக்க ஈறு சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்டு லோ என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை செய்தார். நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார். பெரும்பாலும் பல் மருத்துவம் படிக்கிற மாணவர்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. மறுபடி தேய்க்கச் சொன்னதும் சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே ரத்தம் வருகிற கட்டம் திரும்பி வரக்கூடிய கட்டம். ரத்தம் வருதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவதுதான் நம்மவர்கள் வழக்கம். அது தலைகீழ் வைத்தியம்.

ரத்தம் வருகிற கட்டத்தைத் தாண்டினால் கிருமி பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே கீழே இறங்கும். வரப்பில் எலி வளை போடுவது மாதிரி அங்கே ஒரு பை உண்டாகும். அந்தப் பைக்குள் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இதில் வலி இருப்பதில்லை. அதுதான் ஆபத்து. வலித்திருந்தால் நாம் எப்போதோ போயிருப்போமே.

மலையகத்தில் நம்மவர்கள் வாய்

இதே ஹரால்டு லோ இன்னொரு காரியமும் செய்தார். உலகத்தில் எந்த நாட்டில் ஈறு வைத்தியம் படித்தாலும் இதைப் படிக்காமல் தாண்ட முடியாது. அதில் வருவது நம் தமிழ் ஆட்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

1970-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களின் வாயை லோவும் அவருடைய குழுவினரும் பரிசோதித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து அந்தக் காலத்தில் போன குடும்பங்களின் பிள்ளைகள். பதினாலு வயதிலிருந்து முப்பத்தொரு வயது வரை உள்ளவர்கள். பிரஷ் பழக்கம் இல்லை, பல் டாக்டரைப் பார்த்ததும் இல்லை. ஒன்றுமே செய்யாமல் விட்டால் ஈறு நோய் எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ள, அதே ஆட்களை 1985 வரை இடையிடையே பார்த்து அளந்துகொண்டே வந்தார்கள். (கொழுந்து பறிக்கிற பெண்களை அளக்கவில்லை. அதை நினைத்தால் நமக்குக் கொஞ்சம் கோபம்தான் வருகிறது.)

ஏறக்குறைய எல்லோர் வாயிலும் காரை நிறைய இருந்தது, எல்லோர் ஈறும் வீங்கியிருந்தது. ஆனால் கெட்டுப்போன வேகம் ஒன்று போல இல்லை. நூற்றுக்கு 8 பேருக்கு மளமளவென்று அரித்தது. 81 பேருக்கு நிதானமாக அரித்தது. மீதி 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, அடியில் எலும்பு கரையவே இல்லை. வேகமாகப் போன 8 பேருக்கு 45 வயதில் பல்லின் பிடிமானம் சராசரியாக 13 மில்லிமீட்டர் அளவுக்குப் போயிருந்தது. நிதானமாகப் போன 81 பேருக்கு அதே வயதில் சுமார் 7 மில்லிமீட்டர். பல்லின் வேர் எவ்வளவு நீளம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சுமாராக அதே 13 மில்லிமீட்டர்தான்! பிடிக்க ஒன்றுமே மிச்சமில்லை என்று அர்த்தம். இந்த விவரம் 1986-ல் வெளிவந்தது. பிறகு 2010-ல் அதே ஆட்களில் 75 பேரைத் தேடிப் பிடித்து மறுபடியும் பார்த்து, 40 வருடக் கணக்கை 2017-ல் வெளியிட்டார்கள்.

அளந்தவர்கள் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வாயைத் திறந்து காட்டியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

இதில் நமக்கு என்ன பாடம்? வாயைப் பார்த்த மாத்திரத்தில் இவர் எட்டுப் பேரில் ஒருவரா, பதினோரு பேரில் ஒருவரா என்று யாராலும் சொல்ல முடியாது. "எங்க பாட்டி சாம்பல்லதான் தேய்ச்சாங்க, எண்பது வயசுலயும் முறுக்கு கடிச்சாங்க" என்று பேசுகிறோமே, அந்தப் பாட்டி பதினோரு பேரில் ஒருவராக இருந்திருக்கலாம். பேத்தி எந்தக் கூட்டம் என்று பாட்டியை வைத்துச் சொல்ல முடியாது. அளந்தால்தான் தெரியும். அளக்கத் தெரிந்த கை வேண்டும். படிப்பு வேண்டியிருப்பது அதற்குத்தான்.

அளப்பது எப்படி, சுத்தம் செய்வது எப்படி

மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. புரோப் என்பார்கள். அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்குவார்கள். 3 மில்லிமீட்டர் வரை இறங்கினால் சரி. 4, அதற்கு மேல் என்றால் பை விழுந்திருக்கிறது. ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடத்தில் அளக்க வேண்டும். ஞானப்பல் நீங்கலாக 28 பல் என்றால் 168 இடம். ஒவ்வொன்றையும் எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து இரண்டு கணக்கையும் ஒப்பிட வேண்டும். நம் சேமிப்பு லெட்ஜர் மாதிரிதான். எழுதாவிட்டால் எது கூடியது, எது குறைந்தது என்று தெரியாது.

பிறகு காரையை எடுப்பார்கள். ஈறுக்கு மேலே உள்ளதை மெஷின் வைத்து எடுப்பது ஸ்கேலிங். ஈறுக்குள்ளே வேரில் ஒட்டியிருப்பதை எடுப்பது கஷ்டமான வேலை. கண்ணுக்குத் தெரியாது. கையில் பிடித்த கருவியின் நுனி சொரசொரப்பைத் தொடுகிறதா, வழவழப்பைத் தொடுகிறதா என்று விரலால் உணர்ந்து சுரண்ட வேண்டும். முன்பல்லுக்கு ஒரு கருவி, கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என்று வளைவு வளைவாக வைத்திருப்பார்கள். கையில் பழகிப் பழகித்தான் வரும்.

முதல் கேள்விக்கு இங்கே பதில். கிளீன் பண்ணினால் பல் ஆடாது. எலும்பு ஏற்கெனவே கரைந்து, காரைதான் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது என்றால், காரையை எடுத்ததும் உள்ளபடி இருந்த ஆட்டம் வெளியே தெரியும். காரை அடைத்திருந்த இடம் காலியானதும் சந்து விழுந்த மாதிரி இருக்கும், சில நாள் கூச்சமும் இருக்கும். வீக்கம் வடிந்து ஈறு இறுகினால், லேசாக ஆடிய பல் சில சமயம் கெட்டிப்படுவதும் உண்டு. ரொம்பவும் ஆடிய பிறகு போய், "நீங்க கை வெச்சதாலதான் ஆடுது" என்று சண்டை போடுவதில் நியாயம் இல்லை.

சர்க்கரை உள்ளவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு வேகமாகக் கெடும். ஈறு கெட்டிருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் சிரமம். மூன்று மாதச் சராசரி காட்டுகிற ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனை உங்களுக்குத் தெரியும். ஈறுக்கு ஒழுங்காக வைத்தியம் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று, நான்கு மாதத்தில் அந்த எண் சராசரியாக 0.4 அளவுக்குக் குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-ல் சொல்லியிருக்கிறார்கள். உதாரணமாக 8.4 இருந்தால் 8 ஆகும். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று அர்த்தமில்லை. மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் நல்லது.

இந்த வேலையைப் பெண்கள் எடுத்த கதை

அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் ஆல்பிரட் ஃபோன்ஸ் என்ற பல் டாக்டர் இருந்தார். பல் போன பிறகு பிடுங்குவதும் கட்டுவதும்தானா வைத்தியம், முன்னாலேயே சுத்தம் செய்து காப்பாற்றக் கூடாதா என்று யோசித்தார். தன்னிடம் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்ற உறவுக்காரப் பெண்ணுக்கு 1906-ல் பல் சுத்தம் செய்யும் வேலையைக் கற்றுக்கொடுத்தார். 1913-ல் ஒரு பள்ளியே தொடங்கினார். முதல் வகுப்பில் படித்துத் தேறிய 27 பேரும் பெண்கள். அவர்களில் பலர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்யப் போனார்கள். இவர்களுக்கு டென்டல் ஹைஜீனிஸ்ட் என்று பெயர் வந்தது. ஐரீன் நியூமன்தான் உலகத்தின் முதல் ஹைஜீனிஸ்ட்.

நியூசிலாந்தில் 1921 முதல் பெண்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி கொடுத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொத்தை அடைக்கவும் பால்பல் பிடுங்கவும் அனுப்பினார்கள். டென்டல் தெரபிஸ்ட் என்கிற வேலை இதிலிருந்து வளர்ந்ததுதான்.

இன்றைக்கு இங்கிலாந்தில் ஹைஜீனிஸ்டும் தெரபிஸ்டும் தனித் தொழிலாகப் பதிவு செய்தவர்கள். 2013 முதல் டாக்டர் சீட்டு இல்லாமலேயே நோயாளிகள் நேரடியாக அவர்களிடம் போகலாம். அதோடு அங்கே ஈறு பராமரிப்பில் மேல்படிப்பும் இருக்கிறது, சில பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி. வரைக்கும். ஏற்கெனவே வேலை பார்க்கிற பெண்கள் வேலையை விடாமலே படிக்கிற மாதிரியும் வைத்திருக்கிறார்கள். ஆழமான பையை ஆபரேஷன் இல்லாமல் எப்படிச் சுத்தம் செய்வது, எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, நோயை நான்கு நிலையாகவும் வேகத்தை மூன்று தரமாகவும் எப்படிப் பிரிப்பது, சர்க்கரை உள்ளவர், புகை பிடிப்பவர், கர்ப்பிணி என்று ஆளுக்குத் தக்க எப்படிப் பார்ப்பது, இதெல்லாம் பாடம். புகையிலையை விடச் சொல்லி நோயாளியின் மனம் நோகாமல் பேசுவதும் ஒரு பாடம். நம் ஊக்குநர்களுக்கு அதில் பட்டமே கொடுக்கலாம்.

நம் நாட்டில் எப்படி

இந்தியாவில் 1948-ஆம் வருடப் பல் மருத்துவர் சட்டத்திலேயே ஹைஜீனிஸ்ட் என்ற பெயர் இருக்கிறது. பல்லில் காரை எடுப்பது, சுத்தம் செய்வது, பளபளப்பாக்குவது, வாய்ச் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பது, இவை அவர் வேலை என்று அந்தச் சட்டம் சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். ஹைஜீனிஸ்ட் படிப்பு இரண்டு வருட டிப்ளமோ. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கானது. படித்து முடித்து மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பல் டாக்டரின் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம். தனியாக கிளினிக் போர்டு மாட்டக் கூடாது.

ஆனால் நம் ஊரில் ஏணி அந்த இரண்டு வருடத்தோடு நின்றுவிடுகிறது. ஹைஜீனிஸ்ட் படித்த பெண் இங்கிலாந்தில் மாதிரி ஈறிலேயே மேல்படிப்புக்குப் போக வழியில்லை. ஈறுக்கான மேல்படிப்பு இங்கே எம்.டி.எஸ். பெரியோடான்டிக்ஸ். அது மூன்று வருடம். அதற்கு முன்னால் பி.டி.எஸ். முடித்திருக்க வேண்டும், அது பயிற்சியோடு ஐந்து வருடம். இரண்டுக்கும் நீட் தேர்வு உண்டு. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இந்த எம்.டி.எஸ். இருக்கிறது.

இது சரியில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தபோது, வீட்டு வாசலில் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க மகளிர் குழுப் பெண்களைத்தான் தன்னார்வலராக எடுத்தார்கள். முறையாகப் பயிற்சி கொடுத்தால் நம் பெண்களால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு ஹைஜீனிஸ்ட், அவர் மேலே படிக்க ஒரு வழி என்று இருந்தால், நம் மாவட்டத்தில் எத்தனை வாய் தப்பிக்கும்!

கடன் விண்ணப்பம் பற்றி

உங்கள் மகள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவளா? அப்படியானால் முதலில் நீட் எழுதட்டும். 2020-ல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் இட ஒதுக்கீடு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மட்டுமில்லை, பி.டி.எஸ்.ஸுக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசு ஏற்கிறது. அந்த வழி கிடைக்காதபோது ஹைஜீனிஸ்ட் டிப்ளமோ நல்ல படிப்புதான்.

ஆனால் பெயரில் ஏமாறாதீர்கள். டென்டல் அசிஸ்டென்ட், டென்டல் டெக்னீஷியன், ஓரல் கேர் என்று வெவ்வேறு பெயரில், ஆறு மாதம், ஒரு வருடம் என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். இப்படிப்பட்ட சர்டிபிகேட் வைத்துக்கொண்டு ஹைஜீனிஸ்ட் என்று பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் நோயாளி வாயில் கருவி வைப்பது சட்டப்படி தப்பு. அசிஸ்டென்ட் வேலை கேவலம் இல்லை. ஆனால் அந்த வேலையை கிளினிக்கிலேயே பழகிக்கொள்ளலாம், அதற்கு ஏன் பெரிய தொகை கட்டி, வட்டியும் கட்ட வேண்டும்?

ஆகவே குழுவில் தீர்மானம் எழுதுவதற்கு முன்னால் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். "இது ஹைஜீனிஸ்ட் டிப்ளமோவா, எந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் நடக்கிறது, முடித்தால் மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறுமா, அனுமதி ஆணையின் நகல் எங்கே?" வாய்ப்பேச்சாகச் சொன்னால் ஏற்க வேண்டாம். "நாளைக்குள்ள பணம் கட்டினா சீட்டு" என்று அவசரப்படுத்தினால் அந்த விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வையுங்கள்.

இப்போதைக்கு நாம்

மிருதுவான பிரஷ், காலையும் இரவும், ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம். பிரஷைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து ஈறு ஓரத்தில் படும்படி தேய்க்க வேண்டும். இரவுதான் முக்கியம். செங்கல் தூள், சாம்பல், கரித்தூள் வேண்டாம். அவை பல்லைத் தேய்த்துவிடும், ஓரத்துப் பாசியை விட்டுவிடும். உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் இதமாக இருக்கும், காரை போகாது.

வெற்றிலையோடு புகையிலை போடுகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பாக்கும் புகையிலையும் புற்றுநோய் தரும் என்பது தெரிந்ததுதான். "எனக்கு ஈறுல ரத்தமே வர்றதில்லை" என்று தைரியமாகவும் இருக்க வேண்டாம். புகையிலை ஈறின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். அடியில் எலும்பு கரையும்போதும் மேலே ரத்தம் காட்டாது.

கர்ப்பிணிகளுக்கு ஈறு அதிகம் வீங்கும். அந்தச் சமயத்தில் பல் சுத்தம் செய்யக் கூடாது என்பது தவறான பேச்சு. செய்யலாம், நான்கிலிருந்து ஆறு மாதம் வரை வசதியான காலம். டாக்டரிடம் எத்தனை மாதம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பல் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கே முதலில் போங்கள். பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் பல் மருத்துவக் கல்லூரிகள் நமக்குத் தூரமில்லை. திண்டிவனத்திலிருந்து சென்னை ரோட்டில் மேல்மருவத்தூரில் ஒன்று, பாண்டிச்சேரி ரோட்டில் கோரிமேட்டில் அரசு சார்ந்த மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி. போகும்போது சர்க்கரை, பிரஷர் மாத்திரைச் சீட்டையும் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையையும் கையோடு எடுத்துப் போங்கள். சாப்பிட்டுவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். உட்கார்ந்ததும், "எனக்கு ஈறு எத்தனை மில்லிமீட்டர் இருக்கு, எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். அந்தச் சீட்டைக் குழு பாஸ்புக்கோடு சேர்த்து வையுங்கள். அடுத்த தடவை போகும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.